பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது

அந்தப் பச்சை விளக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அரிசி மணி அளவுதான் இருக்கும். சர்வர் அறையில், பூட்டிய ரேக் அலமாரியின் வலைக்கதவுக்குப் பின்னால் அது சீராக மினுக்கிக்கொண்டிருந்தது. செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுத்தது. மூன்று மாடிக்குக் கீழே எமர்ஜென்சியில் ஒரு மனிதர் வாய் கோணிப்போய்ப் படுத்திருந்தார். அவர் தலையை எடுத்த ஸ்கேன் படங்கள் என் முன்னால் இருந்த இந்த அலமாரிக்குள்தான் இருந்தன. பார்க்க வேண்டிய டாக்டரின் திரைக்கு மட்டும் போகவில்லை.

"பச்சையாத்தானே எரியுது தங்கச்சி?" என்றார் பின்னால் நின்ற காதர் அண்ணன்.

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏன் படம் போக மாட்டேங்குது?"

எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் இதே வேலை பார்த்தவள், எனக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் பயந்து, கதவுச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

வயர் மாட்டுகிற வேலை

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "உங்கள் வேலையில் பயப்பட என்ன இருக்கிறது, கம்ப்யூட்டர்தானே?" என்று கேட்டிருந்தார். என் அம்மாவும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால், "பவானிக்கு வயர் மாட்டுற வேலை" என்பார். ஒரு வகையில் அது சரிதான்.

மருத்துவமனை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம் எதுவானாலும் எல்லாத் தகவலையும் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கணினி ஒன்று இருக்கும். அது சர்வர். கட்டடத்தில் உள்ள மற்றக் கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி ஒன்று இருக்கும். அது சுவிட்ச். ஃபேன் போடுகிற சுவிட்ச் இல்லை. யாருக்கு வந்த தகவலை யாரிடம் அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்கிற பெட்டி. சர்வருக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு முழ நீளத்தில் இரண்டு கேபிள். அந்த ஒரு முழத்தில் கோளாறு வந்தால் ஒரு கட்டடமே ஊமையாகிவிடும்.

கோளாறுகள் சிரிப்பாகவும் வரும். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில், தினமும் மதியம் பில் போடும் மெஷின் அணைந்துபோனது. மூன்று முறை போய்ப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. நாலாவது முறை பசியில் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஆப்பிள் ஜூஸ் கேட்டார். ஜூஸ் மெஷின் உறுமியது, பில் மெஷின் அணைந்தது. இரண்டுக்கும் ஒரே பிளக். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஜூஸ் குடிக்கிறவன் எல்லாம் நம்ம கரண்ட குடிச்சிட்டானுங்க லா!"

அன்றிலிருந்து எங்கே போனாலும், கோளாறு வரும் நேரத்தில் கூடவே வேறு என்ன நடக்கிறது என்று பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேண்டிய நாளில் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு போன் அழைப்புகள்

அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். எங்கள் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்துக்குள் இருக்கிற சிறிய தனியார் மருத்துவமனை. கணினிப் பிரிவில் ஒரே ஆள், காதர் அண்ணன். ஐம்பதைத் தொட்டவர், எப்போதும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. அவரால் முடியாதது வந்தால் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிடுவார். நான் போவேன்.

அந்த வாரம் அவர் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்.

முதல் முறை, "எமர்ஜென்சி பீசியில ஸ்கேன் படம் மெதுவா வருது தங்கச்சி, சில நேரம் பாதியில நின்னுடுது" என்றார். மற்ற அறைகளில் எப்படி என்று கேட்டேன். பல இடத்தில் நன்றாக வருகிறதாம். சுவிட்ச் விளக்கு? பச்சை.

"லைட் பச்சைன்னா லிங்க் சரிதாண்ணே. அந்தப் பீசியிலதான் என்னமோ. ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னேன். இரண்டு முறையும் புகாரை முடித்துவைத்தேன். தைப்பூச வாரம், நான் விரதத்தில் இருந்தேன், ஆளில்லாமல் நாலு இடத்து வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் காரணம்தான், ஆனாலும் நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது அழைப்பு, ரதம் புறப்படுகிற நாள் காலை எட்டு மணி வாக்கில் வந்தது. காதர் அண்ணன் குரல் மாறியிருந்தது.

"ஸ்ட்ரோக் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. ஸ்கேன் எடுத்தாச்சு. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வர முடியல, ரதம் போற ஜாலான் எல்லாம் அடைச்சிட்டாங்க, நடு ரோட்டுல காருக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. லேப்டாப்பில பார்த்துச் சொல்றேங்கிறாரு. படம் போக மாட்டேங்குது. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீங்க தங்கச்சி, பண்ணியாச்சு."

தேங்காய்த் தெரு

நான் இருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து கார் எடுத்துப் பாதி தூரம்தான் போக முடிந்தது. ஒரு சந்தில் நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

ரதம் வருகிற தெரு முழுக்கத் தேங்காய் மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். சில இடங்களில் உடைக்கவும் தொடங்கியிருந்தார்கள். ஓடு தெறித்துக் காலில் பட்டது. தார்ச்சாலையில் தேங்காய்த் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் ஓடின. தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் வழிமறித்து, "மோர் குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று டம்ளரை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டக்கூட நிற்கவில்லை. வருடா வருடம் நின்று கும்பிடுகிற இடத்தில், கூட்டத்தைக் கையால் விலக்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பெண் என்னைத் திட்டினாள்.

ஓடிக்கொண்டே மேலாளர் குமரேசனுக்குப் போன் போட்டேன். அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில். மாற்றுச் சாமான் எல்லாம் அங்கேதான் இருந்தன.

"பாலம் ஜாமாயிருக்கு. ரெண்டு மணி நேரமாவது ஆகும் பவானி. அங்க இருக்கிறத வச்சுப் பாரு" என்றார்.

மருத்துவமனையின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில், எமர்ஜென்சி கதவுக்கு எதிரே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் புடவை, தலையில் வாடாத மல்லிகை. மடியில் ஆண் செருப்பு ஒரு ஜோடியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அட்டை, தோளில் பை என்று வேகமாக வந்த என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து எழுந்தார்.

"ஏம்மா, அவருக்குப் படம் வந்திருச்சா? படம் வரட்டும், படம் வரட்டும்னே சொல்றாங்க."

"இதோ, அதுக்குத்தான் போறேன்" என்றேன். அவர் உடனே நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

அவர் பெயர் சாரதா என்பதும், கணவர் மாணிக்கம் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் என்பதும், தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் இறக்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு வாய் குழறியது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாதியில் நின்றது

காதர் அண்ணன் சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்து, என் லேப்டாப்பை சுவிட்சில் மாட்டி, சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தகவல்கூடத் தவறாமல் பதில் வந்தது. நூறு முறை கேட்டேன், நூறு முறையும் வந்தது.

"எமர்ஜென்சியில திரும்பப் பார்க்கச் சொல்லுங்கண்ணே."

அவர் போனில் பேசினார். முகம் மலர்ந்தது. "வருதாம்! ஸ்பெஷலிஸ்டுக்கும் போக ஆரம்பிச்சிருச்சாம்!"

நான் என்ன செய்தேன்? எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யாமலே சரியாகிவிட்ட கோளாறு மீண்டும் வரும் என்பது இந்த வேலையில் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வேண்டியிருந்தது அறிவு இல்லை, நிம்மதி. கும்பிட்டுவிட்டு, லேப்டாப்பைக் கழற்றிப் பையில் போட்டு, ரேக் கதவைச் சாத்தினேன், பூட்டினேன், சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

லிஃப்ட் வருவதற்குள் அவருடைய போன் அடித்தது.

ஸ்கேன் அறை புஷ்பா அக்காதான். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் எனக்குக் கேட்டது. "மறுபடி நின்னுடுச்சு! பாதிகூடப் போகல. நான் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பிப் பார்த்தேன், டாக்டர் அது போதாது, வரிசையா முழுசும் பார்க்கணும்கிறாரு. கீழ இருக்கிற டாக்டர் என் மெஷின்லயே வந்து பார்த்துட்டாரு, ஆனா ஊசி போடலாமா வேணாமான்னு ஸ்பெஷலிஸ்ட்தான் சொல்லணுமாம். டைம் போய்க்கிட்டிருக்கு லா காதர்!"

எதற்கு நேரம் போகிறது என்று நான் கேட்டேன். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் போட முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காதர் அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொடாதே

திரும்ப ஓடினோம். பூட்டைத் திறக்க எனக்கு மூன்று தடவை பிடித்தது. சாவி துளையில் நுழையவில்லை. கதவைத் திறந்தேன். லேப்டாப்பை மாட்டி, அதில் சுவிட்சின் கணக்குகளைத் திறந்துவிட்டுக் குனிந்தபோதே காதர் அண்ணன் போனைக் காதில் வைத்தபடி சொன்னார்: "போகுதாம்."

லேப்டாப்பை மாட்டியது தவிர நான் இன்னும் எதையும் தொடவில்லை.

"தொடாதீங்க தங்கச்சி" என்றார். "எது பண்ணீங்களோ அதை அப்படியே விட்டுருங்க. முழுசும் போற வரைக்கும் அசையாதீங்க."

அசையவில்லை. குனிந்த நிலையில், ஒரு கை கதவு விளிம்பில், ஒரு கை முழங்காலில். படங்கள் நூற்றுக்கணக்கில் போக வேண்டும். புஷ்பா அக்கா அந்தப் பக்கம் எண்ணிச் சொல்லச் சொல்ல, காதர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "பாதி... பாதிக்கு மேல... யா அல்லாஹ்... முக்கால்வாசி..."

எனக்கு முதுகு விறைத்துப்போனது. வெளியே எங்கோ ரதத்தின் நாதஸ்வரம் மெல்லிசாகக் கேட்டது. மூச்சு விட்டால்கூட இணைப்பு அறுந்துவிடும் என்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அறிவுள்ள ஒருத்தி செய்கிற காரியமில்லைதான்.

அசையாமல் இருந்ததால் கண் மட்டும் வேலை செய்தது. லேப்டாப் திரையில் சுவிட்சின் கணக்குகள் தெரிந்தன. ஒவ்வொரு துளை வழியாகவும் எத்தனை தகவல் வந்தது, அதில் எத்தனை சிதைந்து வந்தது என்று சுவிட்ச் தானே எண்ணி வைத்திருக்கும். முதல் கேபிள்: சிதைந்தது பூஜ்யம். இரண்டாவது கேபிள்: ஒரே பார்வையில் படிக்க முடியாத நீள எண்.

அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. சர்வரிலிருந்து வரும் இரண்டு கேபிள்களும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். சில கணினிகளுக்கு முதல் கேபிள் வழி, சிலவற்றுக்கு இரண்டாவது வழி. இரண்டாவது கேபிள் கெட்டிருந்தால், பாதிக் கட்டடம் நன்றாக இருக்கும். பாதிக் கட்டடம் தவிக்கும். அதிலும் சின்னச் செய்திகள் எப்படியோ தப்பித்துப் போய்விடும்; படம் மாதிரிப் பெரிய சுமைதான் நின்றுவிடும். எமர்ஜென்சி கணினியும் ஸ்பெஷலிஸ்டின் லேப்டாப்பும் இரண்டாவது பக்கத்தில் விழுந்திருந்தன. கேபிளில் சிக்னல் கொஞ்சமாவது வந்தால் போதும், பச்சை விளக்கு எரியும். சிக்னல் போதுமா என்று அது சொல்லாது.

இதை முதல் அழைப்பிலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று புரியவில்லை. அந்த நீள எண் இப்போது ஏறவில்லை. அப்படியே நின்றிருந்தது. நல்ல கேபிள் மாதிரி.

"முடிஞ்சிருச்சு!" என்றார் காதர் அண்ணன். "எல்லாப் படமும் போயிருச்சு. டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவு

சுவிட்ச் தன் நாட்குறிப்பையும் வைத்திருக்கும். முதல் சிதைவு எப்போது என்று தேடினேன். முந்தைய வாரம், ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலில் நான் இதே அறையில்தான் இருந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒழுங்கு ஒரு நோய். வீட்டில் மசாலா டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். என் கணவர் ஒரு டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் நான் கண்டுபிடிக்கிறேன் என்று பார்ப்பார். நான் கட்டிய ரேக்கை மற்ற டெக்னீஷியன்கள் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த மருத்துவமனை ரேக் அதற்கு முன்பு காட்டுக்கொடி மாதிரி இருந்தது. கேபிள்கள் வெளியே தொங்கி, கதவைச் சாத்தவே முடியாது. ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள், கதவு பூட்டியிருக்க வேண்டும் என்று நிர்வாக அதிகாரி புவான் ரொஹானா சொன்னதும் என்னை அனுப்பினார்கள். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாக இழுத்து, வளைத்து, கட்டினேன். மெத்தென்ற துணிப் பட்டை பாதியில் தீர்ந்துபோனது. மீதியைப் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கினேன். கதவு அழகாகச் சாத்தியது. படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

சர்வர் கேபிள் இரண்டும் ஃபைபர். உள்ளே ஓடுவது மின்சாரம் இல்லை, வெளிச்சம். தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியாக ஓடும். கூர்மையாக மடக்கினால் அந்த வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும்.

நான் எழுந்தேன். "அண்ணே, இப்போ யாரும் படம் பார்க்கலைல்ல?"

"இல்ல. ஏன்?"

ரேக் கதவைப் பாதி சாத்தினேன். எண் நின்றிருந்தது. முழுவதும் சாத்தினேன். எண் ஏறியது, கடைசி இலக்கங்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடின. திறந்தேன். நின்றது. மறுபடி சாத்தினேன். ஓடியது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது ஃபைபர் என் கேபிள் டையில் இறுகி, முன்பக்கம் சுண்டுவிரல் நீளத்துக்குப் புடைத்திருந்தது. கதவைச் சாத்தும்போது கதவின் சட்டம் அந்தப் புடைப்பில் உட்கார்ந்து, ஃபைபரை மடக்கியது. பூட்டினால் இன்னும் இறுகியது.

சற்று முன்பு படம் போய்க்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திப் பாதியில் நிறுத்தியதும் நான்தான்.

காதர் அண்ணன் கதவையும் பார்த்தார், எண்ணையும் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டாவது கேபிளைக் கழற்றிவிட முடிவு செய்தேன். ஒரு கேபிள் இல்லாவிட்டால் எல்லாச் சுமையும் மற்றதில் போகும். ஆனால் தவறான கேபிளை இழுத்துவிட்டால், மருந்தகம், ரத்தப் பரிசோதனை, வார்டு எல்லாம் நின்றுவிடும். லேபிள் ஒட்டியதும் நான்தான். அன்று எனக்கு என் கையெழுத்தின் மேல்கூட நம்பிக்கை இல்லை. சர்வர் முனையிலிருந்து சுவிட்ச் முனைவரை விரலால் தடவித் தடவி இரண்டு முறை சரிபார்த்தேன். காதர் அண்ணன் மெதுவாக "பிஸ்மில்லாஹ்" என்றார். இழுத்தேன். எதுவும் நிற்கவில்லை.

எழுதிக் கொடுத்தது

குமரேசனுக்குச் சொன்னேன்.

"கேபிள் மாட்டுற மாட்யூல் போயிருச்சுன்னு எழுதிடு" என்றார். "அது எப்ப வேணும்னாலும் போற சாமான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது."

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் வேலை இருக்க வேண்டுமே என்கிற கவலைதான் அவருக்கு. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. "சரி பாஸ்" என்றுதான் போனை வைத்தேன்.

பதினொரு மணிக்கு மேல் புவான் ரொஹானா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசுகிறவர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. காதர் அண்ணன் பக்கம் திரும்பி, ஒரு வாரமாக எமர்ஜென்சியிலிருந்து புகார் வந்துகொண்டிருந்ததே, ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று மலாயில் கேட்டார்.

காதர் அண்ணன் ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: இவர்கள்தான் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். புகாரை முடித்தபோது நான் எழுதியதே இருக்கிறது, காட்டியிருக்கலாம். அவர் சட்டைக் கைப் பொத்தானைத் திருகியபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா, பேச்சு வரவில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

"அவர் ரெண்டு முறை சொன்னார்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு மலாயில் சொன்னேன். இரண்டு முறையும் நான் வந்து பார்க்கவில்லை. கேபிளை இறுக்கிக் கட்டியதும் நான். கதவைச் சாத்தியதும் நான்.

புவான் ரொஹானா என்னையே பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். மூன்று வாக்கியம்தான். அதற்குள் கை வலித்தது.

வெளியே வந்ததும் காதர் அண்ணன், "பசியாறுனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கேன்டீன் பக்கம் போனார். நான் கீழே போனேன்.

சாரதா அதே இடத்தில் இருந்தார். செருப்பு இப்போது பெஞ்சுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊசி போட்டுட்டாங்கம்மா" என்றார். "படம் வந்த உடனே போட்டுட்டாங்க. நீங்கதானே போய் அனுப்பினீங்க? நல்லா இருக்கணும்மா நீங்க."

என் கையைப் பிடித்து அழுத்தினார். மேலே அறையில் சொன்னதை இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீர்மலைக் கோயில் படிகளில் பால்குடம் எடுத்தேன். எப்படி ஏறினேன், எங்கே இறக்கினேன் என்று ஞாபகமில்லை.

குமரேசன் இரண்டு வாரம் என்னிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. தீவுப் பக்க வேலைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, என்னை பத்து காவானில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார். தலையில் ஹெல்மெட், மூக்கில் சிமெண்ட் தூசி, நாளெல்லாம் கூரைக்கடியில் கேபிள் இழுக்கும் வேலை. ஒவ்வொரு வளைவிலும் நின்று கையால் தொட்டுப் பார்த்தேன். கூட வேலை செய்தவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

புஷ்பா அக்காவுக்கு அவ்வப்போது செய்தி அனுப்புவேன். மாணிக்கம் பிழைத்தார், வீட்டுக்குப் போய்விட்டார், வலது கை சரியாக வரவில்லை, பேச்சு இழுக்கிறது என்றார். அந்தத் தாமதம்தான் காரணமா என்று கேட்டேன். "அது யாராலயும் சொல்ல முடியாது பவானி. கேட்காத" என்று பதில் வந்தது.

சந்தையில்

ஐந்தாறு மாதம் கழிந்திருக்கும். செபராங் ஜெயாவில் காலைச் சந்தைக்குப் போயிருந்தேன். கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில தண்ணி வாங்கிக் குடுத்த பொண்ணுதானே?"

சாரதா. சற்று இளைத்திருந்தார். பின்னால் மாணிக்கம், இடது கையில் மீன் பையைப் பிடித்தபடி. வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. இவங்கதான் படம் அனுப்பினவங்க என்று அவரிடம் சொன்னார் சாரதா. அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னிக்குப் படம் வர லேட்டானதே என்னாலதான்" என்றேன். கேபிள், கதவு, இரண்டு போன் எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கீரைக்காரர் எடை போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

சாரதா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஐம்பது நிமிஷம் இருக்கும்கா."

அவர் கணவரின் வலது கையைப் பார்த்தார். பிறகு மீன் பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தார்.

மாணிக்கம் நகரவில்லை. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன்.

"வீட்டுக்கு..." என்றார். மறுபடி மூச்சு எடுத்தார். "வாங்க."

பிறகு, தாங்கள் குடியிருக்கும் தாமானின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லி, வீட்டு எண்ணை இடது கை விரல்களால் காட்டினார். சாரதா பத்தடி தள்ளி, திரும்பிப் பார்க்காமல் அவருக்காக நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். போகலாமா வேண்டாமா என்று காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தது சாரதா. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நான், உள்ளே அவர். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலைப் பின்னால் எடுத்தேன்.

"செருப்ப வெளியில விடாதீங்க" என்றார் அவர். "பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிரும். உள்ள எடுத்து வச்சிட்டு வாங்க."